நல்லெண்ணெயில் கலந்த நஞ்சு

கை கால் மெலிந்து சோர்ந்துபோகும் நோய் ஒரு வீட்டில் வந்துவிட்டால் "செய்வினை", "பரம்பரைச் சாபம்" என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அலவத்துகொடையில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடையேயும் இப்பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். மலையகத்தில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் 20க்கு மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளின் கால்கள் பலமிழந்தன. நிமால் சேனாநாயக்க, ஜெயரட்ணம் ஆகிய இரு வைத்தியர்கள் இதை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு உடல் உரம்பெறவென்று கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் ட்ரை கிரெசைல் பொஸ்பேட் என்னும் நஞ்சு கலந்திருந்தது. இது இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள். முன்பு அத்தகைய எண்ணெய் இருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்ததால் கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. மொரோக்கோ நாட்டிலும் 1959இல் சமையல் எண்ணெயில் இதே நஞ்சு கலந்து ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

இந்நஞ்சு என்ன செய்கிறது? முள்ளந்தண்டிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பு ஒரு நீண்ட வாய்க்காலைப் போன்றது. வாய்க்கால் பழுதானால் கடைசி வயலே முதலில் காயும். அவ்வாறே நரம்பின் நுனி முதலில் சிதைகிறது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின் கெண்டைக்கால் வலிக்கும், பாதம் தொங்கும், பிறகு கைகளும் சோரும். நரம்பின் தூண்டுதல் இல்லாததால் தசை மெலிகிறது. கை கால் நரம்புகள் மெல்ல மெல்லத் தேறலாம். முள்ளந்தண்டு வடத்தில் ஏற்பட்ட சேதமோ நிலைத்துவிடும்.

தசை மெலியும் நோய்கள் எல்லாமே நஞ்சால் வருவன அல்ல. சில பரம்பரையாக வருவன, சிலவற்றின் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. எதுவாயினும் வைத்தியரே கண்டறிய வேண்டும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

கிருமிநாசினி, இயந்திர எண்ணெய் இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கோ குடிநீருக்கோ பயன்படுத்தக் கூடாது.

கால் சோர்ந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மூச்சோ விழுங்குதலோ சிரமமானால் அந்நேரமே செல்லவேண்டும். சந்தேகமான எண்ணெயை வீசிவிடாமல் போத்தலோடு கொண்டுசென்று காட்டுங்கள்.

அயலில் பலருக்கு ஒரே நோய் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். ஆண்டவர் அவனையோ பெற்றோரையோ குற்றம் சாட்டவில்லை. நாமும் நோயுற்ற பிள்ளையைக் குற்றம் சாட்டாதிருப்போம். அவள் உண்டது என்ன, அது எந்தக் கலனில் இருந்தது என்று கேட்போம். அக்கேள்வி அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காப்பாற்றும்.