தலையில் அடிபட்டவருக்கு ஒரு கைவேலை

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றி நம் மஹல்லாக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்துவிட்டான். ஆனால் சோம்பேறியாகிவிட்டான், சொன்னால்தான் எழுந்திருக்கிறான்." தையல் ஆறி முடியும் வளர்ந்த பிறகு வீட்டாருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஒரு வேலையைத் தானாகத் தொடங்கவைப்பதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அது அடிபட்டால், மனம் இருந்தும் தொடங்க வராது. ஏசினால் இன்னும் ஒடுங்கிப்போவார். "ஏதாவது செய்யேன்" என்று சொல்வதைவிட, ஊசியில் நூலைக் கோத்துக் கையில் கொடுப்பது மேல்.

கைவேலை வெறும் பொழுதுபோக்கு அல்ல. இறந்த நரம்புச் செல்கள் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பழகினால் மீதிப் பகுதிகள் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. தஸ்பீஹ் மணி கோப்பதில் கண், விரல், எண்ணிக்கை மூன்றும் சேர்ந்து பழகுகின்றன.

முன்பே தெரிந்த வேலையிலிருந்து தொடங்குவது நல்லது. காலையில் சாப்பிட்டதை மறந்தவருக்கும் பல வருடம் பழகிய கைத்திறன் மிஞ்சியிருப்பதுண்டு. இரண்டையும் மூளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. பத்தமடையில் பாய் நெய்தவருக்குக் கோரை, தையல் தெரிந்தவருக்கு எம்பிராய்டரி, மருதாணி போட்டவருக்கு அதே கோன். படம் வரையச் சொன்னால் உருவம் கூடுமா என்று பெரியவர்கள் கேட்கலாம். பூவும் கொடியும் அரபி எழுத்தணியும் இருக்கவே இருக்கின்றன.

பேச்சு போனவர்கள் விஷயம் தனி. "தண்ணீர்" என்று சொல்ல வராதவர் ஃபாத்திஹாவைத் தடையின்றி ஓதுவதும், பழகிய பைத்தைப் பாடுவதும் உண்டு. பார்ப்பவர்கள் நடிக்கிறார் என்பார்கள். புதிதாகச் சொல் தேடுவது பெரும்பாலும் மூளையின் இடப்பக்க வேலை. மனப்பாடமும் ராகமும் வேறு வழிகளிலும் வரும். ராகத்தோடு சொல்லவைத்துப் பேச்சைப் பழக்கும் சிகிச்சையை 1973இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். வீட்டில் சேர்ந்து பாடச் செலவில்லை.

சில நடைமுறைகள். முதலில் 10, 15 நிமிடம் போதும். மூளைச் சோர்வு உடல் சோர்வைவிடச் சீக்கிரம் வரும், கோபமாகவும் வெளிப்படும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். ஒரு கை பலவீனமானால் தாளை டேப் போட்டு ஒட்டுங்கள். பென்சிலில் துணி சுற்றினால் பிடிக்க வரும். சிலர் இடப்பக்கத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். தாளின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தால், எந்த வேலை பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

வலிப்பு வந்தவரைக் கத்தி, சூடான பசை, அடுப்பு உள்ள வேலையில் தனியே விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தியோ புதிய தள்ளாட்டமோ வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ, கைவேலையை வைத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.