வடக்கு பார்த்த கூரையில் சூரியத் தகடு போடலாமா?

கிள்ளானில் இருக்கும் என் அத்தை வீட்டில் அண்மையில் ஒரு சிறு விவாதம் நடந்தது. கூரையில் சூரியத் தகடுகள் பொருத்த விலை கேட்டிருந்தார்கள். வீட்டின் பெரிய கூரைப் பகுதி வடக்கு பார்த்துச் சரிந்திருக்கிறது. பார்க்க வந்தவர், "தகடு தெற்கு பார்த்துத்தான் இருக்கணும். சட்டம் அடித்துத் திருப்பி வைக்கணும். அதற்குத் தனியாகச் செலவாகும்" என்றார். நான்காம் படிவம் படிக்கும் அத்தை மகன், "ஏன் தெற்கு?" என்று கேட்டான். சரியான பதில் கிடைக்கவில்லை. நாமே தேடிப் பார்ப்போம், மாணவர்களே.

முதலில் ஒரு கைவிளக்கை எடுத்துச் சுவரில் நேராக அடியுங்கள். சிறிய, பளிச்சென்ற வட்டம் தெரியும். விளக்கைச் சாய்த்தால் வட்டம் நீண்டு, மங்கிப்போகும். அதே ஒளி அதிகப் பரப்பில் பரவுவதே காரணம். சூரியத் தகட்டிலும் இதே கதைதான். ஒளி செங்குத்தாக விழுந்தால் முழுப் பயன் கிடைக்கும். செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ, அந்தக் கோணத்தின் கோசைன் மதிப்புக்கு ஏற்பப் பயன் குறையும்.

இப்போது லண்டனுக்குப் போவோம். அது வட அட்சரேகை 51.5 பாகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு வானில் 15 பாகை உயரம்தான் எழும். தகட்டைப் படுக்கையாக வைத்தால் நேரடி ஒளியில் 26 விழுக்காடுதான் கிடைக்கும். தெற்கு நோக்கி 40 பாகை சாய்த்தால் அது 82 விழுக்காடாகிவிடும். அதே சாய்வில் வடக்கு நோக்கி வைத்தாலோ, சூரியன் தகட்டின் முதுகுப்புறம் போய்விடும்! 'தெற்கு பார்த்து வை' என்ற விதி இத்தகைய நாடுகளுக்குப் பொருத்தமானது.

நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. கிள்ளான் வட அட்சரேகை 3 பாகையில்தான் உள்ளது. மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தரை மாதம் அது வடக்கு வானில் செல்லும். மீதி நாட்களில் தெற்கு வானில் செல்லும். ஜூன் மாதம் அதிகபட்சமாக 20 பாகை வடக்கே, டிசம்பரில் 26 பாகை தெற்கே.

அத்தை வீட்டுக் கூரையின் சாய்வு 15 பாகை. அத்தை மகன் கணிப்பானை எடுத்து, இந்த இரு மாதங்களின் நண்பகல் நேரடி ஒளியைக் கணக்கிட்டான்.

வடக்கு நோக்கினால்: ஜூனில் 100 விழுக்காடு, டிசம்பரில் 75.
தெற்கு நோக்கினால்: ஜூனில் 82, டிசம்பரில் 98.
படுக்கையாக வைத்தால்: ஜூனில் 94, டிசம்பரில் 90.

சராசரி பார்த்தால் வடக்குக்கு 87, தெற்குக்கு 90. வேறுபாடு வெறும் மூன்றுதான்! இதற்காகச் சட்டம் அடித்தால் செலவு கூடும், காற்றின் அழுத்தம் கூடும், ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழவும் கூடும். ஆனால் கூரை 30 பாகைபோல் செங்குத்தாக இருந்தால் வேறுபாடு பெருகும். அப்போது திசையை யோசிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் படுக்கையாகவே வைத்துவிடலாமே? அதிலும் சிக்கல் உண்டு. மழைநீர் தேங்கும், தூசும் பறவை எச்சமும் படியும், பாசி பிடிக்கும். குறைந்தது 10 பாகையாவது சாய்வு இருந்தால் மழையே தகட்டைக் கழுவிவிடும்.

கிழக்கா, மேற்கா என்று கேட்டால், குறைந்த சாய்வில் இரண்டுமே நல்லவைதான். கிழக்கு பார்த்த தகடு காலையில் அதிக மின்சாரம் தரும். மேற்கு பார்த்தது மாலையில் தரும். பிற்பகலில் அடிக்கடி மேகம் திரண்டு இடி மழை கொட்டும் இடங்களில் கிழக்குக்குச் சற்றுச் சாதகம்.

திசையைவிடப் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று நிழல். தகட்டிலுள்ள மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் சில கலங்களில் விழுந்தாலே தகட்டின் பெரும்பகுதி சோர்ந்துவிடும். மற்றொன்று வெப்பம். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் தகட்டின் திறன் சுமார் 0.4 விழுக்காடு குறையும். நம் வெயிலில் தகடு 60 பாகைக்குச் சூடேறினால் 14 விழுக்காடு போய்விடும்! எனவே ஓட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று புக இடைவெளி விடுவது அவசியம்.

அத்தை வீட்டில் முடிவு இதுதான்: தகடுகள் வடக்கு பார்த்தே இருக்கட்டும், சட்டம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத பக்கமாக அவற்றைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். திறந்த வெளியில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். பிற்பகல் 1.15 மணிவாக்கில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதால், கிள்ளானுக்கு நண்பகல் அப்போதுதான் வரும். நிழல் தெற்கே விழுந்தால் சூரியன் வடக்கே இருக்கிறது என்று பொருள். ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை குறித்து வையுங்கள். உங்கள் வீட்டுக் கூரைக்கு எந்தத் திசை ஏற்றது என்பதை அந்த நிழலே சொல்லிவிடும்.