காகம் ஏன் வாயைத் திறந்து வைத்திருக்கிறது?

சித்திரை மாத நண்பகல். வேப்பமரக் கிளையில் ஒரு காகம் அமர்ந்திருக்கிறது. அது கரையவில்லை, இரையும் தேடவில்லை. ஆனால் அலகு மட்டும் திறந்தே இருக்கிறது. இறக்கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்குகிறது.

மார்கழி விடியலில் அதே மரத்தைப் பாருங்கள். ஒரு மைனா இறகுகளைச் சிலிர்த்து, பந்து போல உப்பி, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

இவ்விரு காட்சிகளுக்கும் விளக்கம் உங்கள் இயற்பியல் நூலில், வெப்பம் பற்றிய பாடத்திலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், வீட்டுக்கு வரும் பறவைகளுக்கு எந்தக் காலத்தில் என்ன வைக்கவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

வியர்க்காத உடல்

நமது உடலின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். பறவைகளின் உடல் நம்முடையதைவிடச் சூடானது. பெரும்பாலானவற்றுக்கு அது 41 டிகிரியை ஒட்டி இருக்கும். 46 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும் அல்லவா? வேலூரிலோ திருச்சியிலோ காற்றின் வெப்பநிலை 41 டிகிரியைத் தொடும் நாளில், பறவையின் உடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் பாய வழியில்லை. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி நீரை ஆவியாக்குவதுதான். நமக்கு வியர்க்கிறது. பறவைகளுக்கோ வியர்வைச் சுரப்பிகளே இல்லை. எனவே காகம் வாயைத் திறந்து, வாயிலும் தொண்டையிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது.

ஒரு கிராம் நீரின் மதிப்பு

இதனால் எவ்வளவு பயன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 40 டிகிரியில் 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 575 கலோரி உள்ளுறை வெப்பம் தேவை. சிட்டுக்குருவியின் எடை சுமார் 25 கிராம். அதன் உடலின் தன்வெப்பம் 0.8 எனக் கொண்டால், உடலின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 20 கலோரி போதும். 575-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 28 டிகிரிக்கு மேல் வருகிறது! உடலை அவ்வளவு சூடாக்கிவிடக்கூடிய வெப்பத்தை ஒரே ஒரு கிராம் நீர் எடுத்துச் சென்றுவிடுகிறது.

ஆனால் அந்த ஒரு கிராம், குருவியின் எடையில் 25-இல் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வியர்ப்பதற்கு இது சமம். இழந்த நீரை உடனே குடித்து ஈடு செய்யாவிட்டால் குருவி தாங்காது. உண்ட உணவு செரிக்கும்போதும் உடலில் வெப்பம் உண்டாகிறது. ஆகவே கோடை நண்பகலில் பறவைக்கு முதல் தேவை தானியம் அன்று; தண்ணீரே.

தட்டா, மண்சட்டியா?

ஒரு கோடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் வைத்தேன். நண்பகலில் ஒரு காகம் வந்தது, அலகை நனைத்தது, உடனே பறந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்!

உலோகம் வெயிலில் விரைவில் சூடாகி, அந்த வெப்பத்தை நீருக்குத் தந்துவிடும். மண்சட்டியிலோ நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. காகம் தன் தொண்டையில் செய்யும் வேலையையே சட்டி தன் சுவரில் செய்கிறது. இரண்டையும் வைத்து வெப்பநிலைமானியால் நீங்களே அளந்து பாருங்கள். சட்டி நிழலில் இருக்கட்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சிறு பறவைகள் நிற்க நடுவில் ஒரு கல்லை வையுங்கள். பூனை பதுங்க முடியாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றே போர்வை

இனி மார்கழிக்கு வருவோம். சிலிர்த்த இறகுகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று ஓர் அரிதிற் கடத்தி. ஆதலால் உப்பி நிற்கும் மைனா உண்மையில் காற்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே குளிரைவிடக் குளிரோடு கூடிய மழை கொடியது.

உடல் சிறிதாக இருந்தால் துன்பம் அதிகம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தில் 1 கன செ.மீ. பருமனுக்கு 6 சதுர செ.மீ. பரப்பு, 2 செ.மீ. பக்கமுள்ளதில் அது 3 மட்டுமே. சிறிய டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடுவது போலச் சிறிய பறவையும் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உதகமண்டலத்தில் உறைபனி விழும் இரவுகளை அங்குள்ள பட்டாணிக்குருவி பகலில் தின்ற இரையின் பலத்தில்தான் கடக்கிறது. அதன் உறவினமாகிய வட அமெரிக்கச் சிக்கடி, கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பநிலையையே சுமார் 10 டிகிரி குறைத்துக்கொண்டு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது!

மலையூர்களில் குளிர்காலத்தில் மாலையிலும் விடியலிலும் தானியம் வைப்பது பயன் தரும். நம் சமவெளிகளிலோ அது இல்லாமலும் பறவைகள் பிழைத்துக்கொள்ளும். கோடையில் நீர் இல்லாவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

உதவி உபத்திரவமாகலாம்

பிரிட்டனில் 2005-இல் சிட்டினப் பறவைகளிடையே தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று காணப்பட்டது. உணவும் நீரும் வைக்கும் இடங்களில் எச்சிலும் எச்சமும் கலப்பதால் அது எளிதில் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்குப் பச்சைச்சிட்டுகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. அன்போடு வைத்த தட்டே நோயைப் பரப்பிவிட்டது.

ஆகவே சட்டியை நாள்தோறும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்றுங்கள். கொசுப் புழுக்களும் வளரா. கம்பு, தினை, நொய்யரிசி நல்லவை. உப்பிட்ட பண்டங்களும் ஊசிப்போன சோறும் வேண்டாம்.

சட்டி வைத்தபின் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பநிலை எத்தனை டிகிரியானபோது காகம் வாயைத் திறந்தது? மைனாவும் அதே வெப்பநிலையில்தான் திறந்ததா? மற்றப் பறவைகள் ஒவ்வொரு மிடறுக்கும் தலையை நிமிர்த்தும்போது, புறா மட்டும் அலகை அமிழ்த்தியவாறே எப்படி உறிஞ்சிக் குடிக்கிறது? ஒரு கோடை முழுவதும் எழுதி வாருங்கள். செலவு ஒரு மண்சட்டி மட்டுமே. கற்றுத்தர ஆசிரியர்கள் பறந்து வருவார்கள்.