கழுத்து நாடியிற் கம்பிவலை: காவலா, ஆபத்தா?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசுக்கு இரத்தம் கொண்டு செல்லும் வழிகளுள் முதன்மையானவை கழுத்தின் இருபுறமும் ஓடும் இரு நாடிகள். தாடையின் கீழே ஒருபுறம் மட்டும் விரலை மெல்ல வைத்தால் அதன் துடிப்பை எவரும் உணரலாம். மேனாட்டு வைத்தியர் இவற்றைக் 'கரோட்டிட்' நாடிகள் என்பர். மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மனிதன் அறிவிழந்து வீழ்வான் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர்.

இந்நாடிகளைப் பற்றி நாம் ஊன்றிப் படிக்க நேர்ந்தது ஒரு மாணவனால். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளை அவன். ஒருநாள் மாலை, வகுப்பு முடிந்த பின்னர் வாடிய முகத்துடன் வந்து நின்றான்.

"சேர், எங்கள் தாத்தாவுக்குக் கழுத்து நரம்பு அடைத்திருக்கிறதாம். கம்பி வைக்கலாம் என்கிறார்கள்; கழுத்தைத் திறந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கம்பி வைத்தால் ஆபத்தில்லையா, சேர்?"

தாத்தாவுக்கு வயது 74. ஒருநாட் காலை மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்திருந்த வலது கை திடீரெனச் சோர்ந்து விழுந்தது, பேச்சுக் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. லயத்திலுள்ளோர் 'வாய்வு' என்றனர். இஞ்சித் தேநீர் கொடுத்தனர். நான்காம் நாள் அவ்வாறே மீண்டும் நேர்ந்தபோதுதான் மகள் அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். ஒலியலைப் பரிசோதனையில் இடப்புறக் கழுத்து நாடி மிகவும் ஒடுங்கியிருப்பது தெரிந்தது.

நாம் வைத்தியரல்லோம், உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர். ஆயினும், படித்தறியக் கூடியதைப் படித்துச் சொல்லுதல் ஆசிரியன் கடனன்றோ? அவனுக்குச் சொன்னதையே இங்கு வாசகர்களுக்கும் எழுதுகின்றோம்.

அடைப்பு உண்டாவது எப்படி?

தோட்டத்து மலைச்சரிவுகளில் வெட்டியிருக்கும் கான்களை நாமெல்லாம் கண்டிருக்கின்றோம். ஒரு கான் இரண்டாகப் பிரியும் இடத்திலேதான் சருகும் மண்ணும் சேரும். கழுத்து நாடியும் அவ்வாறே. தாடையின் கீழே அது இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று முகத்துக்கும், மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் செல்கின்றது. அந்தப் பிரிவிடத்திலே கொழுப்புப் படிந்து தடிக்கின்றது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, புகையிலை, முதுமை ஆகியவை அதற்குத் துணை செய்கின்றன.

வழி ஒடுங்குவது மட்டுமே இங்கு ஆபத்தன்று. படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, அதிலொரு துணுக்குப் பிரிந்து மூளைக்குச் செல்வதே பேராபத்து. சிறு துணுக்கு விரைவிற் கரைந்துவிட்டால், கை சில நிமிடம் சோர்ந்து மீளும். அல்லது ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல இருண்டு தெளியும். கரையாவிடின் அதுவே பாரிசவாதம். இடப்புற மூளை வலப்புற உடலை ஆள்வதாலும், பேச்சின் இருப்பிடம் பெரும்பாலோர்க்கு இடப்புறத்தே அமைந்திருப்பதாலும், தாத்தாவுக்கு வலக்கையும் நாவும் சேர்ந்து தளர்ந்தன.

கத்தியின் வரலாறு

ஒடுங்கிய நாடியைத் திறந்து கொழுப்பை வழித்தெடுக்கும் சத்திரசிகிச்சையை 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி வெற்றியுடன் செய்தார். நோயாளி ஒரு பஸ் சாரதி. அடுத்த ஆண்டு இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையிலும் இத்தகைய சத்திரசிகிச்சை நடைபெற்றது. ஆயினும், அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டது 1991ஆம் ஆண்டிலேயே. அறிகுறி கண்டவர்களுள் நாடி நூற்றுக்கு 70 பங்குக்குமேல் ஒடுங்கியோரை ஆராய்ந்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டாண்டுக்குள் அந்தப் பக்கத்து மூளையிற் பாரிசவாதம் கண்டது. சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்கே கண்டது.

கம்பிவலை வந்த பின்

கத்தியின்றி இதனைச் செய்ய இயலாதா என்ற கேள்வியின் விடையே 'ஸ்டென்ட்' எனும் கம்பிவலைக் குழல். ஆங்கிலப் பல் வைத்தியர் சார்ள்ஸ் ஸ்டென்ட் என்பாரின் பெயரே இவ்வாறு நிலைத்துவிட்டது. தொடையடி நாடியில் ஊசித்துளையிட்டு, மெல்லிய கம்பியொன்றை நெஞ்சுக்குள் வளைந்து செல்லும் பெருநாடி வழியாகக் கழுத்து வரை ஏற்றுவர். உதிரும் துணுக்குகளைப் பிடிப்பதற்குக் குடைபோன்ற சிறு வடிகட்டியை விரித்து, ஒடுங்கிய இடத்தைப் பலூனால் அகலப்படுத்திக் கம்பிவலையைப் பொருத்துவர். கழுத்திலே தழும்பில்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டுவதில்லை.

கேட்பதற்கு இனிதாயினும், கணக்கு வேறொன்று சொல்கின்றது. பிரான்சில் நடந்து 2006இல் வெளியான ஆராய்ச்சியில், சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் பாரிசவாதமோ மரணமோ அடைந்தோர், சத்திரசிகிச்சையில் ஆயிரத்துக்கு 39 பேர். கம்பிவலையில் 96 பேர். ஆராய்ச்சியையே இடையில் நிறுத்திவிட்டனர். 2010இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2502 பேரிடம் நடந்த ஆராய்ச்சி நிதானமான தீர்ப்பைத் தந்தது. சிகிச்சைக் காலத்துப் பாரிசவாதம் கம்பிவலையில் ஆயிரத்துக்கு 41, சத்திரசிகிச்சையில் 23. மாரடைப்போ மாறாகக் கம்பிவலையில் 11, சத்திரசிகிச்சையில் 23. ஏறத்தாழ எழுபது வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்குக் கம்பிவலை தாழ்ந்ததன்று. அதற்கு மேற்பட்டோர்க்குச் சத்திரசிகிச்சையே மேல் என்பதும் அதிற் புலப்பட்டது.

முதுமை இங்கே குறுக்கிடுவது ஏன்? வயது ஏற ஏறப் பெருநாடி தடித்து வளைந்துவிடுகின்றது. அதனூடே கம்பி உரசிச் செல்லும்போது, கழுத்தை அடையுமுன்பே துணுக்குகள் உதிரக்கூடும்.

அறிகுறி எதுவுமின்றித் தற்செயலாக ஒடுக்கம் கண்டறியப்பட்டவர்களின் கதை வேறு. 2021இல் வெளியான, 3625 பேரைக் கொண்ட ஆராய்ச்சியில், மரணமோ உடலை முடக்கும் பாரிசவாதமோ இரு முறைகளிலும் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நேர்ந்தது. இலேசான பாரிசவாதம் மட்டும் கம்பிவலையிற் சற்று மிகுந்திருந்தது. 2025இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியோ, இன்றைய சிறந்த மருந்துகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. நான்காண்டுக் காலத்தில், மருந்து மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 60ஆக இருந்த ஆபத்து, கம்பிவலையும் சேர்ந்தபோது 28ஆகக் குறைந்தது. அதாவது, ஆயிரத்தில் 940 பேர் மருந்தினாலேயே நலமாயிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, "கம்பிவலை ஆபத்தா?" என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. யாருக்கு, எப்போது, எவர் கையால் என்றே கேட்டல் வேண்டும். மாணவனிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

முதலாவது: ஒடுக்கம் நூற்றுக்கு எத்தனை பங்கு? அறிகுறி கண்டு எத்தனை நாளாயிற்று? அறிகுறி கண்ட இரு வாரத்துக்குள் தடையை நீக்கினாலே பயன் மிகுதி. அந்த முதல் நாட்களிற் கம்பிவலையைவிடச் சத்திரசிகிச்சையே பத்திரமானது.

இரண்டாவது: நோயாளியின் உடல்நிலை யாது? இருதயம் பலவீனமானவர்க்கும், முன்னரே கழுத்திற் சத்திரசிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ பெற்றவர்க்கும் கம்பிவலை உகந்ததாகலாம்.

மூன்றாவது: சிகிச்சை செய்யும் இடத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கின்றனர்? அவர்களுள் எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது? அறிகுறி கண்டோரில் அது நூற்றுக்கு 6க்கும், காணாதோரில் 3க்கும் மேற்படலாகாது என்பது வைத்திய உலகின் விதி. இதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல வைத்தியர் முகம் சுளிக்க மாட்டார்.

இன்னுமொன்று. கம்பிவலை வைத்தவர், இரத்தம் உறையாதிருக்க இருவகை மாத்திரைகளைக் குறைந்தது ஒரு மாதமும், பின்னர் ஒருவகையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தினால் வலையே அடைத்துக்கொள்ளலாம். கிளினிக் நாளன்று வேலைக்குப் போகாவிடின் அன்றைய சம்பளம் இல்லை என்ற நிலையிலுள்ள தோட்டத்துக் குடும்பங்கள் இதனை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாத்தாவைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றனர். வயதையும் அறிகுறியையும் சீர்தூக்கி, வைத்தியர்கள் சத்திரசிகிச்சையையே தேர்ந்தனர். கத்திக்கும் அதற்குரிய தீங்கு உண்டு. கழுத்து நரம்பொன்று நலிந்ததால் அவர் குரல் சில வாரங்கள் கம்மியிருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட்டுவிட்டார். பேரன் மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கின்றான்.

அவர் தப்பியது பெரும் பேறு. முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையிலே அவர் உயிர் ஓர் இழையில் ஊசலாடியது என்பதை வீட்டார் அறியவில்லை. கை சோர்ந்து மீண்டாலும், வாய் கோணி நேரானாலும், கண் இருண்டு தெளிந்தாலும், "சரியாய்ப் போயிற்று" என்று இருந்துவிடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மீளாவிடின் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்ளேயே ஏற்றுதல் வேண்டும். நமுனுகுலைச் சரிவிலிருந்தும் மடுல்சீமை மலையிலிருந்தும் பதுளைக்கு வரும் வளைந்த பாதைகளை அறிந்தவர்க்கு, அந்த நாலரை மணி நேரம் எவ்வளவு குறுகியது என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.