பதினோராவது படலை

கணினி விஞ்ஞானம் படிக்கும் கோண்டாவில் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஒரு மாறியின் பெயரில் கேர்சரை வைத்து, இது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. அதே வரியில் முன்னால் இருக்கும் ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லை அழித்தால் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஊரின் பெயரில் என்ன குற்றம்?”

தேடிக் கொடுப்பது எடிட்டருக்குப் பின்னால் ஓடும் லாங்குவேஜ் சேர்வர். இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மைக்ரோசொப்ட் 2016இல் வெளியிட்டது. கொழும்பில் பிறந்த பலரினா மொழிக்கும் இப்படியொரு சேர்வர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், எடிட்டர் பெயரைச் சொல்லி விசாரிப்பதில்லை. ‘இத்தனையாவது வரி, இத்தனையாவது இடம், அங்கே நிற்பது யார்?’ என்றுதான் கேட்கும்.

இடத்தை எதைக் கொண்டு எண்ணுவது? ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோட்டில் அரவும் குற்றும் தனிக் குறிகள், ஆக 11. யூடிஎப்-8 முறையில் சேமித்தால் குறிக்கு மூன்று பைட் வீதம் 33. நெறிமுறை கேட்பது யூடிஎப்-16 கணக்கை, அதாவது 11ஐ. சேர்வரை எழுதியவர் பைட்டை எண்ணிவிட்டார் போலும்.

எங்கள் ஒழுங்கையில் பதினோராவது படலை என்று சொல்லிவிட, வந்தவர் படலையை விட்டுக் கதியாலை எண்ணினால் எங்கே நிற்பார்? முதல் வளவு வேலியோடுதான். சேர்வரும் அப்படித்தான் மேற்கோள் குறிக்குள் பாதி ‘யாழ்ப்பாணத்தில்’ நின்றுகொண்டு, இங்கே மாறி எதுவும் இல்லையே என்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து, குறி, பைட் மூன்றும் ஒன்றே. அங்கே கதியாலும் படலையும் ஒரே எண்ணிக்கை. பிழை வெளியே தெரியாது.

திருத்தம் சில வரிகள்தான். வரியின் தொடக்கத்திலிருந்து நடந்து, வந்த எண்ணைப் பைட் கணக்குக்கு மாற்ற வேண்டும். விடை அனுப்பும்போது திருப்பி மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால், பெயர் மாற்றும்போது பக்கத்துச் சொல் வெட்டுப்படும். 2022இல் வந்த 3.17 பதிப்பில், எந்தக் கணக்கு என்று இரு தரப்பும் முதலிலேயே பேசிக்கொள்ள வழி வைத்தார்கள்.

தமிழ் யூனிகோட்டில் ஏறியது 1991இல். இன்னும் நம் பிள்ளைகள் சிக்கல் வந்ததும் தமிழை அழித்து ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரை அடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களின் வேலை முடிகிறது, பிழை அப்படியே கிடக்கிறது. சோதனை வரிகளில் ஒரு தமிழ்ச் சொல் இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

தங்கச்சி, அந்த வரியை அழிக்காதேங்கோ. அப்படியே எடுத்து, சேர்வரைச் செய்தவர்களுக்குப் பிழை அறிக்கையாக அனுப்புங்கோ.