மெல்ல அவிழும் மர்மம்

துப்பறியும் கதை என்றதும் துரத்தலும் துப்பாக்கி வெடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றை நாடாது, மெல்ல மெல்ல மர்மத்தை அவிழ்க்கும் தொலைக்காட்சித் தொடர்களும் உள்ளன. கிறிஸ் சிப்னால் எழுத, இங்கிலாந்தின் ஐ.டி.வி. நிறுவனம் 2013ஆம் ஆண்டில் 8 பகுதிகளாக ஒளிபரப்பிய 'பிராட்சர்ச்' அத்தகையதாகும்.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் 11 வயதுச் சிறுவன் கொல்லப்படுகிறான். கொலையாளி யார் என்பது இறுதிப் பகுதியிலேயே தெளிவாகிறது. அதுவரை பெற்றோரின் துயரத்தையும் அயலாரின் மௌனத்தையும் காணும் நாம், ஒவ்வொருவர்மீதும் ஐயுறுகிறோம். நாளிதழ் விற்கும் முதியவர் ஜாக் மார்ஷல் முன்பு பெற்ற தண்டனை செய்தியாக வெளிவருகிறது. ஊரார் அவரைக் குற்றவாளியென்றே முடிவுகட்டுகின்றனர். பின்னர் அவர் கடற்கரையில் உயிரற்றுக் கிடக்கிறார். கொன்றவர் அவரல்லர் என்பதோ பின்னரே வெளிப்படுகிறது!

விரைந்து முடியும் கதையில் ஐயத்திற்கு ஆளானவர் வெறும் பெயர். மெல்ல நகரும் கதையிலோ அவர் நம் அண்டை வீட்டாராகிவிடுகிறார். அவருடைய கடையையும் தனிமையையும் நாம் அறிந்தபின், பழிச்சொல்லின் கனமும் நமக்குப் புலனாகிறது. சான்று கிடைக்குமுன் தீர்ப்புரைக்கும் நாவை அடக்கப் பழகுவதே இத்தகைய தொடர்களைக் காண்பதன் பயன் எனலாம்.