நருட்டோ: பழைய நிஞ்சா அனிமே ஒன்றின் நிறையும் குறையும்

நருட்டோ என்பது மசாஷி கிஷிமோட்டோ எழுதி வரைந்த மங்காவை, அதாவது ஜப்பானிய வரைகதையைத் தழுவி எடுக்கப்பட்ட நிஞ்சா சண்டை அனிமே தொடர் ஆகும். மங்கா 1999இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி, 2014 நவம்பரில் 700 அத்தியாயங்களுடன் முடிந்தது. ஸ்டூடியோ பியரோ தயாரிப்பில் ஹயாட்டோ டாட்டே இயக்கிய அனிமே, டிவி டோக்கியோவில் 2002 அக்டோபர் 3 முதல் 2007 பிப்ரவரி 8 வரை 220 பகுதிகளாக ஒளிபரப்பானது. அடுத்து வந்த 'நருட்டோ ஷிப்பூடென்' தனித் தொடர். இந்தியாவில் சோனி யாய் அலைவரிசை 2022இல் முதல் தொடரைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கொண்டுவந்தது. அதற்கு முன் இங்குள்ள சிறுவர்களுக்கு நிஞ்சா என்றால் பெரும்பாலும் ஹட்டோரிதான்: கெனிச்சியின் வீட்டில் தங்கி அவனுடைய பள்ளிச் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் குட்டி நிஞ்சா. நருட்டோவின் உலகம் அப்படி விளையாட்டானது அல்ல. அங்கே நிஞ்சாக்கள் கூலிக்குப் போரிடுகிறார்கள், சாகிறார்கள்.

கதைக்களம்

கொனோஹா என்ற நிஞ்சா ஊரை ஒன்பது வால் நரி தாக்குகிறது. ஊர்த்தலைவரான நான்காம் ஹொக்காகே, அன்று பிறந்த குழந்தை ஒன்றின் உடலுக்குள் அந்த நரியை அடைத்துவிட்டு உயிர்விடுகிறார். அந்தக் குழந்தைதான் நருட்டோ. ஊரார் அவனை ஒதுக்குகிறார்கள். ஏன் ஒதுக்குகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. முதல் பகுதியிலேயே தொடரின் தரம் தெரிந்துவிடுகிறது. நரியால் பெற்றோரை இழந்த ஆசிரியர் இருக்கா, நருட்டோவை நோக்கி வீசப்பட்ட ஆயுதத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார். அவனை வெறுக்க ஊரிலேயே அதிகக் காரணம் உள்ளவர்களில் அவரும் ஒருவர் என்பதால், அந்தக் காட்சி வெறும் சண்டைக் காட்சியாக நிற்பதில்லை.

எதிரிகளையும் தொடர் இதே அக்கறையுடன் நடத்துகிறது. தொடக்கப் பகுதிகளில் வரும் சபுசா, ஹாக்கு இருவரும் கொலைகாரர்கள். ஆனால் பிறவியிலேயே வந்த ஒரு சக்திக்காகத் தந்தையாலேயே கொல்லப்பட இருந்தவன் ஹாக்கு என்று தெரிந்த பின், அவன் தோற்கவேண்டும் என்று பார்ப்பவரால் முழு மனதோடு விரும்ப முடிவதில்லை. நல்லவன் கெட்டவனை அடித்து வீழ்த்தும் பழைய சண்டைக் கதைகளிலிருந்து நருட்டோ விலகி நிற்பது இங்கேதான்.

சண்டைகள்

ஒவ்வொருவருக்கும் இன்ன திறமை, இன்ன எல்லை என்று முன்பே சொல்லிவிடுவதால், சண்டைகள் புதிர்களைப் போல அமைகின்றன. சூனின் தேர்வில் நிழலைக் கொண்டு எதிரியைக் கட்டும் ஷிக்காமரு, தெமாரியை முழுமையாகச் சிக்கவைத்த பின் தன் சக்ரா தீர்ந்துவிட்டது என்று சொல்லித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். 48ஆம் பகுதியில் ராக் லீ காலில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிப்போடும் காட்சியை இன்றும் ரசிகர்கள் முதலில் குறிப்பிடுகிறார்கள். மந்திர வித்தை எதுவும் வராமல் உடற்பயிற்சியால் மட்டுமே வளர்ந்தவன் அவன். தோஷியோ மசுடாவின் இசை ஷாமிசென் நரம்பிசையையும் மூங்கில் குழலையும் மின்கிட்டாரோடு சேர்க்கிறது.

ஓவியத் தரம் மட்டும் சீராக இல்லை. அட்சுஷி வகபயாஷி இயக்கிய 30, 133ஆம் பகுதிகளில் கோடுகள் தளர்ந்து உடல்கள் உண்மையான வேகத்தோடு நகர்கின்றன. பல சாதாரண வாரங்களில் அசையாத முகங்களும் நீண்ட பேச்சும்தான் நேரத்தை நிரப்புகின்றன.

இழுவை

இதற்குக் காரணம் வாராந்திரத் தயாரிப்பு முறை. மங்கா இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே அனிமேயும் வாரந்தோறும் ஓடியது. ஓர் அனிமே பகுதி பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களை விழுங்கிவிடும். மங்காவை எட்டிப்பிடித்துவிடாமல் இருக்க, பழைய காட்சிகளைத் திரும்பக் காட்டுவது ஒரு வழி (ஊஞ்சலில் தனியே அமர்ந்திருக்கும் சிறுவன் நருட்டோவை எத்தனை முறை பார்ப்பது!). மங்காவில் இல்லாத கதைகளைச் சேர்ப்பது இன்னொரு வழி. 136ஆம் பகுதி முதல் இறுதிவரை ஏறத்தாழ முழுவதும் இத்தகைய நிரப்புக் கதைகளே. சாசுக்கே ஊரைவிட்டுப் போன துயரம் பார்ப்பவர் மனத்தில் ஆறுமுன்பே சில்லறைப் பயணங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆசிரியர் ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் வேவு பார்க்கும் 101ஆம் பகுதி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

பெண் பாத்திரங்கள் விஷயத்தில் வாராந்திர முறையைக் குறைசொல்ல முடியாது. அது மூலக் கதையின் பலவீனம். மரணக் காட்டில் தன் தலைமுடியை அறுத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும் சக்குராவுக்கு, அதன்பின் நெடுங்காலம் கவலைப்படுவதைத் தவிர வேலை இல்லை. குளிக்கும் பெண்களை எட்டிப்பார்ப்பதை நகைச்சுவையாக்கும் காட்சிகளும் உள்ளன.

பிறப்பும் உழைப்பும்

தமிழ் வாசகர் தனியாக நின்று பார்க்கவேண்டிய இடம் ஹியூகா குடும்பம். ஹியாஷியும் ஹிசாஷியும் இரட்டையர்கள். முதலில் பிறந்தவர் தலைமைக் கிளை, அடுத்துப் பிறந்தவர் பணிசெய்யும் கிளை. பணிக்கிளையில் பிறந்த நெஜியின் நெற்றியில் அடிமை முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. விதியை யாரும் மாற்ற முடியாது என்று அவன் நம்புவதற்கு அந்த முத்திரையே சான்று. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை அறிந்த சமூகத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நெஜியை நருட்டோ வீழ்த்துவது, தேர்வில் மூன்று முறை தன்னைத் தோற்கடித்த அதே நகலெடுக்கும் வித்தையால். ஆனால் அதற்குச் சற்று முன், அடைபட்ட சக்ராவுக்குப் பதிலாக நரியின் சக்தியைக் கடன் வாங்குகிறான். உழைப்பு வென்றதா, உடலுக்குள் வைக்கப்பட்ட கொடை வென்றதா என்பதை முதல் தொடர் திறந்தே விடுகிறது. ஷிப்பூடென் அதை மூடிவிடுகிறது: நருட்டோ நான்காம் ஹொக்காகேயின் மகன், மேலும் பண்டைய ஞானி ஒருவரின் மகனுடைய மறுபிறப்பு. ஒதுக்கப்பட்ட அநாதையின் கதை அரச வாரிசின் கதையாக மாறுவது முழுக் கதையின் மிகப் பெரிய குறை என்று சொல்லலாம். ஹொக்காகே ஆனால் ஹியூகா குடும்பத்தை மாற்றுவேன் என்று நெஜியிடம் அவன் தந்த வாக்கும் பின்னால் உரிய கவனம் பெறவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதல் 135 பகுதிகளை வரிசையாகப் பார்த்து, அங்கிருந்து 220ஆம் பகுதிக்கும் பிறகு ஷிப்பூடெனுக்கும் போனால் கதை அறுபடாது.